புகையை விரட்டினால் போதுமா?

2021 ஜூலை 1ஆம் தேதி, கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள அக்போக்புளோஷி பழைய இரும்புச் சந்தைக்குள் புல்டோசர்கள் நுழைந்தன. உலகின் மின்னணுக் குப்பைமேடு என்று ஆவணப்படங்கள் பல காட்டிய இடம் தரைமட்டமானது. ஒட்டியிருந்த வெங்காயச் சந்தை நகருக்கு வெளியே அட்ஜென் கொடோகுவுக்குப் போனது. கேபிளை எரித்துச் செம்பு எடுத்துவந்த இளைஞர்களோ, அருகிலிருந்த ஓல்டு ஃபடாமா குடிசைப் பகுதிக்கும் வேறு மூலைகளுக்கும் சிதறினார்கள். எரிப்பது மட்டும் நிற்கவில்லை.

நிற்காததற்குக் காரணம் எளியது. மெல்லிய கம்பியின் உறையைக் கத்தியால் சீவினால் ஒரு நாள் கூலிகூடத் தேறாது. பழைய டயரையோ, ஃப்ரிட்ஜின் ஃபோமையோ போட்டுக் கொளுத்தினால் சில நிமிடங்களில் செம்பு கைக்கு வந்துவிடும். பிவிசி உறை எரியும்போது கிளம்பும் டையாக்சின் என்ற நச்சுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டைகளை 2019இல் தன்னார்வ அமைப்புகள் சோதித்தன. ஒரே ஒரு முட்டையைத் தின்றாலும், ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாளைக்கு அனுமதிக்கும் டையாக்சின் அளவைப் போல 220 மடங்கு உடலில் சேரும் என்று தெரிந்தது.

பணக்கார நாடுகள் கொட்டுகின்றன, ஏழை நாடு சாகிறது என்று இதைச் சுருக்கிவிடவும் முடியாது. 2009இல் கானாவுக்கு வந்த மின்சாதனங்களில் சுமார் 70 சதவீதம் பழையவை. ஐ.நா. ஆதரவில் நடந்த ஆய்வின்படி, அந்தப் பழைய பொருள்களில் பழுதுபார்க்கவும் முடியாதவை ஏறத்தாழ 15 சதவீதம். மற்றவற்றை மெக்கானிக்குகள் ஓட வைத்தார்கள்; புது டிவி வாங்க வசதியில்லாத வீடுகள் வாங்கிக்கொண்டன. ஒட்டுமொத்தமாகத் தடை போட்டால் முதலில் பிழைப்பை இழப்பவர்கள் அந்த மெக்கானிக்குகள்தான்.

சட்டம் சும்மா இல்லை. கானாவும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து கொண்டுவந்த திருத்தத்தால், 2025 ஜனவரி 1 முதல் எந்த மின்னணுக் கழிவையும் பெறும் நாட்டின் முன்அனுமதி இல்லாமல் அனுப்ப, அபாயக் கழிவுகள் எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தம் இடம்தராது. அமெரிக்கா இன்றுவரை அதில் உறுப்பு நாடு அல்ல. ஆனால் துறைமுகத்தில் நிற்கும் சட்டம், ஏற்கெனவே ஊருக்குள் இருக்கும் பழைய பொருளை என்ன செய்யும்? 2022இல் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

எரிக்காத கேபிளுக்கு, எரித்தெடுத்த செம்பைவிடக் கூடுதல் விலை கொடுத்தால் தீ வைக்க யாருக்கும் தேவை இருக்காது. ஜெர்மனியின் உதவியுடன் கானாவிலேயே இந்த வழி சோதித்துப் பார்க்கப்பட்டது. அந்தக் கூடுதல் பணத்தைத் தர வேண்டியவர்கள், பொருளை விற்று லாபம் பார்த்த நிறுவனங்கள்.

யார் பணம் தருவது என்ற இதே தகராறு இந்தியாவிலும் உண்டு. மின்னணுக் கழிவை மறுசுழற்சி செய்பவர்களுக்கு உற்பத்தியாளர்கள் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தர வேண்டும் என்று மத்திய அரசு நிர்ணயித்ததை எதிர்த்து சாம்சங், எல்ஜி, டெய்கின் உள்ளிட்ட நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அரசு இதில் பின்வாங்கக் கூடாது. அதே சமயம், அந்தப் பணம் பதிவுபெற்ற ஆலையின் வாசலோடு நின்றுவிட்டால், பழைய மின்சாதனங்களைப் பிரித்தெடுக்கும் தில்லி சீலம்பூரின் சந்துகளில் எதுவும் மாறாது. காயலான் கடைக்காரரும் வீடு வீடாகப் பழைய சாமான் வாங்குபவரும் பதிவு செய்துகொள்ள எளிய வழி வேண்டும். குறைந்தபட்ச விலையில் அவர்கள் பங்கு எவ்வளவு என்பதையும் விதியிலேயே எழுத வேண்டும்.