கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு?

தேர்தல் வந்துவிட்டால் டெலிவிஷன் ஸ்டூடியோக்களில் திருவிழாதான்! பளபளக்கும் விளக்குகள், அரைவட்ட மேஜை, நாலு கட்சிப் பேச்சாளர்கள், கூடவே "அரசியல் விமர்சகர்" என்ற பட்டத்தோடு ஐந்தாவதாக ஓர் ஆசாமி. ஒருவர் பேசும்போது மூவர் கத்துகிறார்கள். சூடு ஏறியதும் இடைவேளை விடுகிறார் நெறியாளர். சோப்பும் தங்க நகையும் திரையில் வந்து போகின்றன. இதற்குப் பெயர் விவாதமாம்! ஜனநாயகமாம்!

பாளையம்பட்டியில் ஷிப்டு முடிந்து வரும் மில் தொழிலாளி இதைப் பார்க்கிறார். திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டில் களையெடுத்துத் திரும்பும் கூலித் தாயும் பார்க்கிறார். அந்த மேஜையில் அவர்களுக்கு ஒரு நாற்காலி உண்டா? இல்லை. அவர்களுடைய கேள்விக்கு ஒரு நிமிஷம் உண்டா? அதுவும் இல்லை.

2024 பார்லிமெண்ட் தேர்தலையே எடுத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டை அடங்கிய விருதுநகர் தொகுதியில் பா.ஜ.க.வுக்கு நடிகை ராதிகா, தே.மு.தி.க.வுக்கு நடிகர் விஜயகாந்தின் மகன் விஜய பிரபாகரன். போதாதா? "நட்சத்திரத் தொகுதி" என்று பட்டம் கட்டிவிட்டார்கள். திருச்சுழி அடங்கிய ராமநாதபுரத்திலோ, முன்னாள் முதல் மந்திரி ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரில் இன்னும் சில பன்னீர்செல்வங்கள் நின்றார்கள். சேனல்களுக்குக் கொண்டாட்டம்!

கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் என்ன? 100 தொழிலாளர் இருந்தாலே ஆலையை மூடவும் ஆட்குறைக்கவும் சர்க்கார் அனுமதி வேண்டும் என்ற வரம்பை 300 ஆக உயர்த்தி 2020இல் சட்டம் போட்டார்களே, அதை ரத்துச் செய்வீர்களா? நூறு நாள் வேலைக்குக் கூலி பாக்கி விழாமல் கொடுப்பீர்களா? காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினீர்களே, தண்ணீர் எப்போது வரும்?

ஸ்டூடியோக்கள் இவற்றை மேஜையின் நடுவில் வைக்கவில்லை. விளைவு என்ன? 2025 நவம்பர் 21இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன. டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறு சட்டம் நிறைவேற்றினார்கள். 125 நாள் என்று காகிதத்தில் எழுதிவிட்டு, செலவில் 40 சதவீதத்தைத் தமிழ்நாடு போன்ற ராஜ்யங்களின் தலையில் கட்டினார்கள். விவசாய வேலை மும்முரமான காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்தார்கள். 2024இல் கேட்காமல் விட்ட கேள்விகள் 2025இல் நம் தலையில் இடியாக இறங்கின!

இது கவனக்குறைவா? இல்லை, தோழர்களே! மேஜை யாருடையதோ, கேள்வியும் அவருடையது. நெட்வொர்க்–18 சேனல்கள் 2014இல் அம்பானியின் கைக்குப் போயின. என்.டி.டி.வி. 2022இல் அதானியின் கைக்குப் போயிற்று. தமிழ்நாட்டிலோ பெரிய கட்சிகளைச் சுற்றி ஆளுக்கொரு சேனல். முதலாளியின் சம்பளத்தில் இருக்கும் நெறியாளர், முதலாளியின் லாபத்தைப் பற்றியா கேள்வி கேட்பார்?

சர்க்கார் டெலிவிஷனாவது நியாயமாக நடந்ததா? கட்சிகளுக்கு தூர்தர்ஷனிலும் ரேடியோவிலும் நேரம் ஒதுக்குகிறார்கள். 2024இல் மறைந்த தோழர் சீத்தாராம் யெச்சூரியின் உரையிலிருந்து, வகுப்புவாத எதேச்சாதிகார ஆட்சி என்ற சொற்களையும், கொடிய சட்டங்கள் என்ற சொற்களையும் நீக்கச் சொன்னார்கள். பார்வர்டு பிளாக் தலைவர் தேவராஜன் உரையில் முஸ்லிம் என்ற சொல்லே ஆகாது என்றார்கள். தேர்தல் கமிஷன் விதி என்று காரணம் காட்டினார்கள். உண்மைக்குக் கத்திரி போடவா விதி?

நேருக்கு நேர் வாதம் என்றால் ஆட்சியாளர்கள் வருகிறார்களா? அமெரிக்காவில் கென்னடியும் நிக்சனும் 1960இலேயே டெலிவிஷனில் எதிரெதிராக நின்றார்கள். அதுவும் முதலாளித்துவ மேடைதான். அந்த அளவுக்குக்கூட இங்கே துணிவில்லை! 2024 மே மாதம் முன்னாள் நீதிபதிகள் மதன் லோகுர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் ஆகியோர் மோடியையும் ராகுல் காந்தியையும் பொது விவாதத்துக்கு அழைத்தார்கள். ராகுல் சம்மதித்தார். மோடி வரவில்லை.

கடைசியில் கூத்து ஜூன் 1இல் அரங்கேறிற்று. பா.ஜ.க. அணிக்கு 350, 400 இடம் என்று சேனல்கள் முழங்கின. ஜூன் 3இல் பங்குச் சந்தை 2,500 புள்ளி ஏறியது. ஜூன் 4இல் ஓட்டு எண்ணினார்கள்: அணிக்கு 293, பா.ஜ.க.வுக்குத் தனியாக 240தான்! சந்தை 4,000 புள்ளிக்கு மேல் சரிந்தது. நாட்டு மக்களின் மனம் ஸ்டூடியோக்காரர்களுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அவர்கள் நாட்டு மக்களிடம் பேசவே இல்லை.

அப்படியானால் டெலிவிஷனை அணைத்துவிட்டுத் தூங்குவதா? கூடாது. பாருங்கள், ஆனால் எதைப் பேசவில்லை என்று பாருங்கள். பேசாததைக் குறித்து வையுங்கள். பாளையம்பட்டி வேப்பமரத்தடியில் ஒரு மேஜை போடுவோம். மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து எல்லாக் கட்சி அபேட்சகர்களையும் அழைக்கட்டும். நம் கூட்டணிக்காரருக்கும் விலக்கு வேண்டாம். மில் பெண்கள் முதல் கேள்வி கேட்கட்டும். பதிலை எழுதி வாங்கி, கையெழுத்தும் வாங்குவோம். வராதவர் பெயரை ஆலை வாசலில் எழுதிப் போடுவோம்.

கேள்வி கேட்கும் உரிமையை முதலாளியிடம் குத்தகைக்கு விடாதீர்கள், தோழர்களே! ஓட்டு நம்முடையது. கேள்வியும் நம்முடையதாகட்டும்!