தோல் வளர்ந்தது, ரத்தம் வரவேண்டும்

1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' ஒரு கடிதத்தைப் படத்தோடு வெளியிட்டது. திப்புவின் படையிடம் சிக்கி மூக்கறுபட்ட காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புணே அருகே புது மூக்கு வைத்த கதை அது. வைத்தியர் நெற்றித் தோலை அளவெடுத்து அறுத்தார். கீழே திருப்பி மூக்கில் பதித்தார். புருவங்களுக்கு நடுவே மட்டும் ஒரு பட்டையை அறுக்காமல் விட்டார். அதன் வழியே பழைய இடத்து ரத்தம் வந்துகொண்டிருக்க, புது இடத்தில் தோல் ஒட்டியது. சுமார் 25 நாள் கழித்தே பட்டையை வெட்டினார். முதல் உலகப் போரில் அறுவை மருத்துவர் ஹெரால்டு கில்லிஸ் தோலைக் குழாயாகச் சுருட்டித் தைத்ததும் அதே ரத்த வழியைக் காப்பதற்குத்தான்.

ஆய்வகம் வேறு வழியில் போனது. 1975-இல் ஆய்வாளர்கள் ரைன்வால்டும் கிரீனும் மனிதத் தோலின் மேலடுக்குச் செல்களைக் கிண்ணத்தில் பெருக்கிக் காட்டினார்கள். 1983-இல், உடலில் 95 சதவீதத்துக்கும் மேல் வெந்துபோன இரண்டு அமெரிக்கச் சிறுவர்கள் அப்படி வளர்த்த சொந்தத் தோலால் பிழைத்தார்கள். பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் மேலடுக்குக்கு இயல்பிலேயே ரத்தக்குழாய் கிடையாது. கீழிருந்து ஊறுவதே அதற்குப் போதும். தோலுக்கு வலுவும் நெகிழ்வும் தரும் உள்ளடுக்கின் கதை அப்படியல்ல. நுண்குழாயிலிருந்து ஆக்சிஜன் பரவுவது 0.2 மில்லிமீட்டர் வரைதான். உள்ளடுக்கோ அதைவிடப் பல மடங்கு தடிமன். ஒட்டிய முதல் இரண்டு நாள் காயத்தின் நீரை உறிஞ்சித் தாக்குப்பிடிக்கலாம். அதற்குள் குழாய்கள் இணையாவிட்டால் தோல் கறுத்து உரிந்துவிடும்.

1998-இல் கியூபெக் ஆய்வாளர்கள் உள்ளடுக்கில் ரத்தக்குழாய்ச் செல்களைக் கலந்து வளர்த்தபோது, அவை தாமாகவே நுண்குழாய் வலையாக அணிவகுத்தன. 2019-இல் பங்கஜ் கரண்டேயின் ஆய்வுக் குழு, நியூயார்க் மாநிலத்தில் ரத்தக்குழாய்ச் செல்களோடு முப்பரிமாண முறையில் அச்சிட்ட தோலை எலிக்கு ஒட்டியது; எலியின் ரத்தம் அந்தக் குழாய்களில் ஓடியது. எலிக்குத்தான். 'அச்சிட்ட தோல் தயார்' என்று தலைப்புப் போடுவோர் இந்தச் சொல்லை விழுங்கிவிடக் கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அன்னியரின் செல்லால் குழாய் நெய்தால், நோயாளியின் எதிர்ப்புச் சக்தி முதலில் பாய்வது அதன் உட்சுவர் மீதுதான். மரபணுவைத் திருத்தி அதை மறைக்க முயல்கிறார்கள். நோயாளியின் சொந்தச் செல்லை வளர்க்கலாம் என்றால் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். தீக்காய வார்டில் கிடப்பவருக்கு அவ்வளவு நாள் இல்லை.