அடிச்சுரம் அறிந்து வாசிப்போம்

நம் பங்குகளின் பாடற் குழுக்களில் கீபோர்டுக்கும் கிதாருக்கும் அருகே, நான்கு தடித்த தந்திகளைக் கொண்ட பேஸ் கிதாரும் இன்று இடம்பெற்று வருகிறது. 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொணர்ந்த மின் பேஸ் கிதார், நாளடைவில் உலகெங்கும் பரவிற்று. திரையிசை வழியாக, சிறப்பாக இளையராஜாவின் பாடல்கள் வழியாக, அதன் ஒலி தமிழர் செவிகளுக்கு உறவாயிற்று.

இதனை வாசிக்கும் இளைஞர் பலர், பிறர் விரல்களைப் பார்த்து, எந்தத் தந்தியில் எத்தனையாவது ஃபிரெட் என்று மனப்பாடம் செய்தே பழகுகின்றனர். ஒத்திகையில் எல்லாம் நன்றாகவே நடக்கும். திருப்பலிக்குச் சற்று முன்னர், “இன்று ஒரு கட்டை இறக்கிப் பாடுவோம்” என்று குழுத்தலைவர் கூறியதும் விரல்கள் திகைத்து நின்றுவிடும். இத்திகைப்பு நீங்க வேண்டுமாயின், ‘கீ’ அல்லது ‘ஸ்கேல்’ என்று நாம் வழங்கும் சுருதியின் இயல்பைப் புரிந்துகொள்ளுதல் வேண்டும்.

முதற்கண், பேஸ் வாசிப்பவரின் பணி யாதெனக் காண்போம். பழைய ஆலயங்களில் குழாய் ஆர்கனை வாசிப்பவர், கைகளால் பண்ணை வாசிக்கும்போதே கால்மிதிகளால் அடிச்சுரங்களை ஒலிப்பார். அக்கால்மிதியின் வேலையையே பேஸ் கிதார் செய்கிறது. 1963-இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, குழாய் ஆர்கனை உயர்வாகப் போற்றியதோடு, வழிபாட்டிற்கு ஏற்ற பிற இசைக்கருவிகளையும் உரிய அதிகாரியின் இசைவோடு பயன்படுத்த இடமளித்தது. இடம் கிடைத்த கருவி தன் கடமையை அறிந்திருத்தல் முறையன்றோ!

அக்கடமை எத்துணைப் பெரிது என்பதற்கு ஒரு சிறு சோதனை. கீபோர்டில் ‘சி’, ‘இ’ என்னும் இரு சுரங்களை மட்டும் ஒலித்துக்கொண்டே இருங்கள். பேஸ் கிதாரில் ‘சி’ வாசித்தால் இசை மலர்ந்து ஒலிக்கும். அதே இரு சுரங்களுக்குக் கீழே ‘ஏ’ வாசித்தால், ‘ஏ மைனர்’ பிறந்து, இசையில் துயரின் சாயல் படரும். மேலே எதுவும் மாறவில்லை. அடித்தளம் மட்டுமே மாறியது. பேஸ் தவறினால் பாடுவோர் அனைவரும் தடுமாறுவதன் காரணம் இதுவே.

இனிச் சுருதிக்கு வருவோம். சுருதி என்பது ஒரு வீடு. அதில் ஏழு சுரங்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் முதலாவது தலைவன். பாடல் எங்கெங்கு சுற்றினாலும் பெரும்பாலும் அதனிடமே வந்து ஓய்வெடுக்கும். கீழ் ஸட்ஜத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் இடையே 12 அரைச்சுரப் படிகள் உள்ளன. பேஸ் கிதாரில் ஒரு ஃபிரெட் என்பது ஓர் அரைப்படி. மேஜர் ஸ்கேல், நம் இசையில் 29-ஆம் மேளமாகிய தீரசங்கராபரணத்துக்கு ஒப்பானது. அதன் நடை: முழுப்படி, முழுப்படி, அரைப்படி, முழுப்படி, முழுப்படி, முழுப்படி, அரைப்படி. ‘ஜி’யில் தொடங்கி இவ்வாறு நடந்தால் ஜி, ஏ, பி, சி, டி, இ, எஃப் ஷார்ப் என்னும் எழுவரும் கிடைப்பர்.

இவ்வெழுவரையும் பெயரால் அறிவதோடு எண்ணாலும் அறிந்துகொள்ளுங்கள். எளிய பாடல்கள் பல 1, 4, 5 என்னும் மூன்று சுரங்களின்மீது எழும் கோர்டுகளாலேயே நடந்துவிடுகின்றன. பேஸ் கிதாரின் நான்கு தந்திகள், தடித்ததிலிருந்து முறையே இ, ஏ, டி, ஜி. தடித்த தந்தியில் 3-ஆம் ஃபிரெட் ‘ஜி’, அதுவே 1. அடுத்த தந்தியில் அதே 3-ஆம் ஃபிரெட் ‘சி’, அது 4. அத்தந்தியிலேயே 5-ஆம் ஃபிரெட் ‘டி’, அது 5. இம்மூன்றும் சேர்ந்து ஒரு சிறு வடிவம். குழுத்தலைவர் ஒரு கட்டை இறக்கி ‘எஃப்’ என்றால், அவ்வடிவத்தை அப்படியே இரண்டு ஃபிரெட் பின்னுக்கு நகர்த்தினால் போதும். எண்கள் மாறுவதில்லை, வீடு மட்டுமே இடம் மாறுகிறது.

சுருதியை ஏன் மாற்ற வேண்டும் என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. பாடல் இசைக்குழுவுக்காக அன்று, இறைமக்களுக்காக. ‘ஜி’ சுருதியில் ஒரு பாடலின் உச்சம் மேல் ‘இ’யைத் தொடுமாயின், பின்வரிசையில் நிற்கும் முதியோர் பலர் வாய்மூடி நிற்பர். ‘எஃப்’புக்கு இறக்கினால் அவ்வுச்சம் ‘டி’யாகிறது, அவர்களும் சேர்ந்து பாடுவர். நம் விரல்களின் வசதிக்காக அவர்களது குரலை அடைத்தல் தகுமோ?

இரண்டு இடங்களில் விழிப்பு வேண்டும். கிதார் வாசிப்பவர் 2-ஆம் ஃபிரெட்டில் கேப்போ மாட்டிக்கொண்டு ‘ஜி’ வடிவத்தைப் பிடித்தால், ஒலிப்பது ‘ஏ’. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் விசையை இரண்டு படி ஏற்றியிருந்தாலும் அவ்வாறே. அவர் ‘ஜி’ என்று சொல்வதை நம்பி நாம் ‘ஜி’ வாசித்தால் குழப்பமே மிஞ்சும். ஆகவே, “கை எதில்?” என்று கேட்பதோடு, “ஒலி எதில்?” என்றும் கேளுங்கள். கட்டைக் கணக்கில் சொல்வோருக்கு 1 கட்டை ‘சி’, 4 கட்டை ‘எஃப்’, 5 கட்டை ‘ஜி’, 6 கட்டை ‘ஏ’ என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

மற்றொன்று: ‘சி மேஜர்’ வீட்டின் அதே எழுவரும் ‘ஏ’யைத் தலைவனாக ஏற்றால் அது ‘ஏ மைனர்’, நம் நடபைரவிக்கு ஒப்பானது. தவக்காலப் பாடல்களில் மைனர் அடிக்கடி வரும். சுரங்கள் ஒன்றாயிருப்பதால் ‘சி’யில் ஓய்ந்துவிடாமல், பாடல் எங்கே அமைதி காண்கிறது என்று செவிசாய்த்து அறிய வேண்டும்.

இளைஞர்களே, நன்கு தெரிந்த பாடலொன்றை எடுத்து, வரிகளின் கீழ் எண்களை எழுதுங்கள். நாள்தோறும் பத்து நிமிடம் அதனை எஃப், ஜி, ஏ ஆகிய மூன்று சுருதிகளிலும் வாசியுங்கள். வாசிக்குமுன் தலைமைச் சுரத்தை வாயால் பாடுங்கள். காது அறியாததை விரல் நெடுநாள் காவாது. பெற்றோரே, வீட்டில் ஒரே பாடல் மூன்றுமுறை ஒலிக்கிறதே என்று கடியாதீர்கள். பிள்ளை கற்றுக்கொள்வது பிறர் குரலுக்குத் தோள் கொடுக்கும் கலையை. அடித்தளக் கல்லைக் கோயிலுக்கு வருவோர் காண்பதில்லை. ஆயினும் சுவர்கள் நிற்பது அதன்மீதே.