மாத்திரைக்குப் பௌர்ணமி உண்டா?

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலை சுற்றும் ஜனங்களில் கால் வீங்கியவர்களும், ரத்தக் கொதிப்புக்காரர்களும், இருதயம் பலவீனப்பட்டவர்களும் உண்டு. இவர்களில் சிலர் டாக்டர் கொடுத்த நீர் மாத்திரையை அன்று நிறுத்திவிடுகின்றார்கள். ஏனென்றால், “சாமி சுற்றும் வழியில் மூத்திரத்துக்கு ஒதுங்கினால் தோஷம், அண்ணாமலையான் பார்த்துக்கொள்வான்” என்கின்றார்கள். சிறுநீரகம் பஞ்சாங்கம் பார்க்குமா என்று கேட்கின்றோம்.

மாத்திரையின் சங்கதி வெகு எளிது. சிறுநீரகத்திலிருந்து உப்பு உடம்புக்குத் திரும்பாமல் அது தடுக்கின்றது. உப்போடு நீரும் வெளியேறுகின்றது. லாசிக்ஸ் என்னும் ஃபுரோசமைடு, விழுங்கிய 1 மணிக்குள் வேலையைத் துவக்கி, 6 முதல் 8 மணி நேரத்தில் முடித்துவிடும். ஹைட்ரோகுளோரோதையசைடு 6 முதல் 12 மணி வரை நிற்கும். குளோர்தாலிடோனோ 2, 3 நாள்கூட நிற்கும்.

ஆகவே, காலை 6 மணிக்கு லாசிக்ஸ் விழுங்கியவருக்குப் பகல் 2 மணிக்குள் அதன் வேகம் ஓய்ந்துவிடுகின்றது. இரவு நடைக்கு அது தடையே அல்ல. குளோர்தாலிடோன் சாப்பிடுகின்றவர் ஒரு வேளை நிறுத்தியதனால் மூத்திரம் நின்றுவிடப் போவதுமில்லை. பின் நிறுத்திக் கண்ட லாபம் என்ன? இருதயம் கெட்டவருக்கு நீர் மறுபடியும் காலிலும் நுரையீரலிலும் தேங்கி மூச்சு முட்டும். மருந்தின் வேகம் ஓய்ந்தால் நோய் ஓய்ந்ததாக அர்த்தமல்ல.

“மாத்திரை 6 மணியில் ஓய்கிறது, பகவான் கிருபையோ நிரந்தரம்” என்று வைதீகர்கள் சொல்லக்கூடும். நல்லது. மாத்திரை எப்போது துவங்கும், எப்போது முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றது. பார்ப்பனர் விழுங்கினாலும் ஆதிதிராவிடர் விழுங்கினாலும் அதற்கு ஜாதியில்லை. சொன்னபடி நடக்காவிட்டால் டாக்டரைக் கேட்கலாம். விபூதி எத்தனை மணிக்கு வீக்கத்தை வடிக்கும் என்று எந்தக் குருக்களாவது எழுதித் தருவாரா?

தையசைடு மாத்திரைகள் 1950களின் கடைசியிலும், ஃபுரோசமைடு 1960களிலும் வந்தன. அதற்கு முன் பாதரச ஊசிதான் கதி. இந்த மாறுதல் 2,668 அடி மலையுச்சியிலிருந்து இறங்கி வந்ததல்ல. சோதனைச்சாலையில் மனிதன் பாடுபட்டுக் கண்டது.

தோழர்களே! மலையைச் சுற்றுவதில் பயனொன்றும் இல்லையென்பதே நமது அபிப்பிராயம். சுற்றித்தான் தீருவேன் என்பவர்கள், குருக்களிடம் நல்ல நேரம் கேட்குமுன் டாக்டரிடம் மாத்திரையின் நேரத்தைக் கேளுங்கள்; இந்த உடம்போடு அவ்வளவு தூரம் நடக்கலாமா என்றும் கேளுங்கள். உண்டியல் எண்ணுகின்றவர்களிடம், பெண்களுக்கு வழிநெடுகச் சுத்தமான கக்கூசு எத்தனை என்று கேளுங்கள். தோஷம் மூத்திரத்தில் இல்லை. கேளாமல் இருப்பதில்தான் இருக்கின்றது.