"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க!"

பழைய கான்சர்டினா விக்கிறவங்க சொல்லிவெச்ச மாதிரி எழுதுற வரி இது: "எனக்கு வாசிக்கத் தெரியாது, அதனால நிலைமை தெரியல."

அய்யா, கச்சேரியா பண்ணச் சொன்னோம்? ஆங்கிலோ வகையில பெரும்பாலும் 30 பொத்தான். தள்ளினா ஒரு சுரம், இழுத்தா வேற சுரம். ஆக 60 சத்தம், பத்து நிமிஷ வேலை. அப்புறம் எந்தப் பொத்தானையும் தொடாம, ஒருபக்கத்து வாரை மட்டும் பிடிச்சுத் தொங்க விடுங்க. துருத்தி மெதுவா விரிஞ்சா நல்லது. மடமடனு இறங்கினா காத்து ஒழுகுது. இதுக்கு சங்கீத ஞானம் எதுக்கு?

நான் வாங்கினது லண்டன்ல லாஷனால் கம்பெனி செஞ்சது. விளம்பரத்துல வரிசை எண் உண்டு, 'விக்டோரியா காலத்துப் பொக்கிஷம்' உண்டு. ஊமையாப் போன அஞ்சு ரீடு பத்தி மூச்சு இல்ல! ரிப்பேருக்கே வாங்கின விலையில பாதி போச்சு. அதுபோக, பல பழைய பெட்டிகளைப் போல இதுவும் இன்னிக்கு இருக்குற ஏ-440 சுதியைவிட ஒசத்தி. நண்பரோட ஹார்மோனியத்தோட ஒட்டவே இல்ல. சுதி மாத்தணும்னா ஒவ்வொரு ரீடையும் அரத்தால ராவணும். ராவினது ராவினதுதான்.

(வருஷத்துக்கு விலை, வாசிப்புக்கு இல்லைன்னா கண்ணாடி அலமாரியில வெச்சுக்கோங்க சாமி.)

போன மாசம் என்னோட இன்னொரு பெட்டியை வித்தேன். ரெண்டு ரீடு சரியில்லன்னு எழுதித்தான் வித்தேன், விலையும் குறைஞ்சுது. வாங்கினவர் ஃபோன் பண்ணி, "ரெண்டு இல்ல சார், மூணு"ன்னு வாசிச்சே காட்டினார். மூணாவதுக்கும் காசைத் திருப்பிட்டேன் :-)