ஒலிபெருக்கியும் ஓர் உத்தரவும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால், நமது பட்டணத்தில் அம்மன் கோயில் இல்லாத தெருவிலும் அம்மன் பாட்டுக் கேட்கும். ஆடி போய் ஆவணி வந்தால் பிள்ளையார் சதுர்த்தி. அதன் பின்னர் நவராத்திரி. தேர்தல் காலமாயிருந்தாலோ கேட்கவே வேண்டியதில்லை. விழாவும் பொதுக்கூட்டமும் இல்லாத சமூகம் உயிரற்ற சமூகம். ஆகவே அவற்றைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆனால், "குழந்தைக்கு நாளைப் பரீட்சை, சத்தத்தைச் சற்றுக் குறைக்கலாகாதா?" என்று கேட்கப்போகும் அயல்வீட்டாருக்கு வழக்கமாகக் கிடைக்கும் மறுமொழி ஒன்று உண்டு. "போலீஸிலே பர்மிஷன் வாங்கியிருக்கிறோம், ஸார்!" என்பதே அது. அந்த அநுமதி எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்கவில்லை என்பதைப் பலரும் அறியார். அதை வாங்கியவர்களே அறியாதிருப்பதும் உண்டு.

சென்னையில் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 1888-ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி போலீஸ் கமிஷனரிடம் இருக்கிறது. வெள்ளைக்காரர் போட்ட சட்டம். அவர்கள் போன பின்னும் அது போகவில்லை. ஒலிபெருக்கிக்கு நாடு முழுவதற்குமான விதிகள் 2000-ஆம் ஆண்டில் ஏற்பட்டன. எழுத்து மூலமான அநுமதியின்றி ஒலிபெருக்கி வைக்கலாகாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் அதனை இயக்கலாகாது. பண்டிகை விசேஷங்களை முன்னிட்டு ராஜ்ய சர்க்கார் மட்டும், வருஷத்தில் 15 நாட்களுக்கு மேற்படாமல், நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். எனவே, இரவு 11 மணிக்கு "பர்மிஷன் இருக்கிறது" என்று சொல்பவர், தம்மிடம் இருக்கும் காகிதத்தைப் படித்துப் பார்க்காதவர் என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

நேரத்துக்கு எல்லை இருப்பதுபோலவே சத்தத்துக்கும் எல்லை உண்டு. அதை அளக்கும் அலகு டெசிபல். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45; கடைவீதிக்குப் பகலில் 65, இரவில் 55; ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நியாயஸ்தலம் ஆகியவற்றின் பொருட்டு சர்க்கார் அமைதிப் பகுதியாக அறிவித்த இடங்களுக்குப் பகலில் 50, இரவில் 40. ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் நின்று அளந்தால், அந்தப் பகுதிக்குரிய அளவைக் காட்டிலும் 10 டெசிபல், அல்லது மொத்தம் 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டலாகாது. 55-க்கும் 75-க்கும் இருபதுதானே வித்தியாசம் என்று எண்ண வேண்டாம். இது துணி அளக்கும் கஜக்கோல் அன்று. பத்து ஏறினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு. இருபது ஏறினால் நூறு மடங்கு. காதுக்கு அவ்வளவாகத் தோன்றாவிட்டாலும், அடுத்த வீட்டில் படுத்திருக்கும் இருதய நோயாளி அதை உணர்வார்.

மதத்தின் பெயரால் இதற்கு விலக்கு உண்டா என்ற கேள்வி சென்னையிலிருந்தே சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்கும் அதன் சுற்றுப்புறவாசிகளுக்கும் நடந்த அவ்வழக்கில், 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்பது அதன் சாரம். அன்று தீர்ப்புப் பெற்றது ஓர் ஆலயம். ஆனால் அது கோயிலுக்கும் மசூதிக்கும் கட்சி மேடைக்கும் ஒன்றே. இதை நாம் மறந்துவிடுகிறோம். அடுத்த மதத்தாரின் ஒலிபெருக்கி மட்டுமே நம் காதில் இரைச்சலாக விழுகிறது. நம்முடையது சங்கீதமாக ஒலிக்கிறது!

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அநுமதி தரும் கைக்கு அநுமதி மறுக்கவும் தெரியும். ஆளுவோருக்குப் பிடித்த பேச்சாளருக்கு மைதானம் கிடைத்து, பிடிக்காதவருக்குப் "போக்குவரத்து இடைஞ்சல்" என்ற பதில் கிடைத்தால், அமைதியைக் காக்க வந்த விதி வாயை அடைக்கும் விதியாக மாறிவிடும். 1972-இல் அகமதாபாத் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கியது. தெருவில் கூட்டம் போடுவதை ஒழுங்குபடுத்தலாம். ஆனால் எவ்வித வரையறையுமின்றி ஓர் உத்தியோகஸ்தரின் இஷ்டத்துக்கே அதனை விட்டுவிடலாகாது என்று சொல்லி, அங்கிருந்த விதியை ரத்து செய்தது. அமெரிக்காவிலும் இந்தச் சர்ச்சை உண்டு. லாக்போர்ட் என்ற ஊரில், போலீஸ் தலைவர் மனம் வைத்தால்தான் ஒலிபெருக்கி என்றிருந்த சட்டத்தை அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம் 1948-இல் தள்ளியது. அடுத்த வருஷமே, ட்ரென்டன் நகரம் தெருக்களில் உரத்து இரையும் ஒலி வண்டிகளைத் தடுத்ததை அது ஏற்றுக்கொண்டது. இரண்டும் முரண் போலத் தோன்றலாம். முன்னதில் கேட்கப்பட்டது "பேசுவது யார்?" என்பது, பின்னதில் கேட்கப்பட்டது "எவ்வளவு சத்தம்?" என்பது. இரண்டாவது கேள்வியைக் கேட்கவே சர்க்காருக்கு உரிமை. முதற் கேள்வியைக் கேட்க உரிமை இல்லை.

விழா நடத்துவோர் இதிலிருந்து கொள்ள வேண்டியவை சில உண்டு. மனுவைக் கடைசி நாளில் ஓடிப்போய்க் கொடுக்கலாகாது. இடம், நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கை, பொறுப்பாளரின் பெயர் ஆகியவை அதில் தெளிவாக இருக்கட்டும். அருகில் பள்ளியோ ஆஸ்பத்திரியோ இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். கூம்புக் குழாய்களை மரத்துக்கு மரம் கட்டுவதை விடுத்து, பெட்டி ஒலிபெருக்கிகளைக் கூட்டத்தை நோக்கித் திருப்பி வையுங்கள். அநுமதி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; கோர்ட்டுக்குப் போக அதுவே ஆதாரம். அயலாரும் கல்லெறியவோ கம்பியை அறுக்கவோ வேண்டியதில்லை. நேரத்தையும் இடத்தையும் குறித்துப் புகார் எழுதுவதே போதும்.

மார்ச்சு மாதத்தில், இரவெல்லாம் தூக்கமின்றிச் சிவந்த கண்களோடு பரீட்சை மண்டபத்துக்குள் நுழையும் பிள்ளைகளை வருஷந்தோறும் பார்க்கிறேன். அவர்களில் எவரும் எந்த மனுவிலும் கையொப்பமிட்டவர் அல்லர். அநுமதிச் சீட்டில் கேட்பவர் பெயர் இருக்கிறது, கொடுப்பவர் முத்திரை இருக்கிறது. சகித்துக்கொள்ளப் போகிறவர்களுக்குத்தான் இடமில்லை. விதிகளில் உள்ள அந்த மணிக்கணக்கும் டெசிபல் கணக்கும் அவர்களுக்காக எழுதப்பட்டவை. சுயராஜ்யத்தில் பேசுவதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. இரவில் நிம்மதியாகத் தூங்கும் உரிமையும் அதே சுயராஜ்யத்தைச் சேர்ந்ததுதான்.