அவளுக்கும் பேர் போடுங்கள்



பிள்ளையின் கலியாணத்துக்குக் கடன்பட்டாவது ஒரு காஞ்சிபுரம் கூறைச் சேலை எடுக்கிறோம். அதை நெய்தது யார் என்று கேட்டால் ஓர் ஆணைத்தான் காட்டுவார்கள்.

பட்டுப்புழு ஏறத்தாழ 25 நாள் மல்பெரி இலை தின்று, நான்கு தடவை தோலுரித்துக் கூடு கட்டுகிறது. தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புழு வளர்க்கும் வீடுகளில் இலை போடுவதும் தட்டைத் துப்புரவாக்குவதும் பெரும்பாலும் பெண்களே. காஞ்சிபுரத்தில் தார் சுற்றுவதும் அவர்களே. கரைக்கு வேறு நிறம் வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும், ஒருவரால் ஆகாது. பக்கத்தில் இருந்து நாடா எறிவது பல வீடுகளில் மனைவி அல்லது மகள். கூலியோ தறிக்காரர் பேரில். அவள் செய்வதற்கு 'ஒத்தாசை' என்று பெயர்.

பட்டு பிறந்த சீனத்தில், அதைக் கண்டுபிடித்தவள் லெய்சு என்ற அரசி என்பது பழங்கதை. கதையில் பெண்ணுக்கு மகுடம். ஷாங்காய் ஆலைகளிலோ, கொதிநீரில் கிடக்கும் கூட்டிலிருந்து விரலால் நூல் பிரித்தவர்கள் பெண்களும் சிறுமிகளும். 1922 ஆகஸ்டில் அவர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தி, வேலை நேரத்தைக் குறைக்கவும் கூலியை உயர்த்தவும் கேட்டார்கள்.

நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் பெண்ணுக்குச் சமமான நாட்கூலி 1984இல்தான் வந்தது. அதுவும் வேலைநிறுத்தம் செய்த பிறகு.

செக்ரோலில் பேர் விழுந்தால்தான் கூலியும் சேமலாப நிதியும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் முசலியில் இன்று நடப்பது என்ன? கணவனும் மனைவியும் சேர்ந்து மரமுந்திரிகை பொறுக்குகிறார்கள். மாலையில் இரண்டு சாக்கும் கணவன் பேரில் நிறுக்கப்படுகின்றன. பாம்பு தீண்டினால், அவள் அன்று வேலைக்கு வந்தாள் என்று காட்ட ஒரு துண்டுகூட இல்லை.

"அம்மா என்ன வேலை?" என்று வகுப்பில் கேட்கிறோம். "வீட்டில சும்மா" என்கிறது பிள்ளை. அந்த அம்மா காலை ஆறு மணிக்கே தோட்டத்தில் நிற்பவள்.

கணக்குப்பிள்ளையிடம் கேட்கும் முன் இதை நம் வீட்டு ஆண்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அவள் பொறுக்கியதை அவள் பேரில் நிறுக்கச் சொல்லுங்கள். துண்டை அவளே வாங்கட்டும். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அந்தத் துண்டோடு இருவரும் வாருங்கள். சந்தாப் புத்தகத்திலும் அவள் பேரை எழுதுவோம்.